அத்தியாயம் 7: டிராக் டயரோடு ஆபீஸ் போகலாமா?

டிராக் டயர் போட்ட வண்டி பார்க்கிங்குக்குள் நுழைவதைத் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். மட்கார்டுக்குள் ஜல்லி தெறிக்கும் சத்தம் முதலில் வரும், வண்டி பிறகு வரும். ஜூலை மாத வெயிலில் பத்து மைல் ஓடிவந்த அந்த டயரை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். எண்ணெய் தடவாமல் பலாப்பழம் அரிந்த கை மாதிரி இருக்கும். சாலையோரப் பொடிக்கல், பாட்டில் மூடி, காய்ந்த இலை என்று வழியில் கிடந்ததெல்லாம் அதில் ஒட்டியிருக்கும். என் டயரிலிருந்து ஒருமுறை பத்து சென்ட் நாணயம் ஒன்றைச் சாவியால் நெம்பி எடுத்தேன். அந்த டயர் எனக்குத் திருப்பிக் கொடுத்த காசு அது ஒன்றுதான்.

மிச்சிகனில், டெட்ராய்ட்டின் புறநகரில் குடியிருக்கிறேன். கார் கம்பெனிகளின் ஊர் என்பதால் இங்கே வேலைக்கு வரும் நம் பையன்களில் பலர் முதல் இரண்டு வருடம் கேம்ரி ஓட்டுவார்கள், மூன்றாம் வருடம் மஸ்டாங் வாங்குவார்கள். அதற்கடுத்த கோடையில் மிலன் ஊரிலுள்ள, நேராகக் கால் மைல் ஓடும் டிராக் பந்தயப் பாதைக்கு வேடிக்கை பார்க்கப் போவார்கள். திரும்பி வந்ததும் எனக்கு போன் வரும்.

"அண்ணே, பின்னாடி ரெண்டு வீலுக்கு மட்டும் டிராக் ரேடியல் போட்டுக்கிட்டு தினமும் ஆபீஸ் போய்ட்டு வரலாம்ல?"

"போலாம் தம்பி. திரும்பி வர்றப்ப மழை இல்லாம பாத்துக்கோ."

போனில் அவ்வளவுதான் சொல்ல முடிகிறது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

எந்த டயரைச் சொல்கிறோம்

டிராக் டயர் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சாமான்கள் விற்கிறார்கள். முதலாவது சுத்த மொட்டை டயர், அதாவது ஸ்லிக். பட்டன் என்பதே கிடையாது. பக்கச்சுவர் அவ்வளவு மெல்லியது, வண்டி கிளம்பும்போது கசங்கிய வேட்டி மாதிரி சுருக்கம் விழும். அந்தச் சுருக்கம்தான் கிளம்பும் அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு ரப்பரைத் தரையோடு அழுத்தி வைக்கிறது. இது சாலைக்கானது அல்ல. பக்கச்சுவரிலேயே அப்படி எழுதியிருக்கும், எழுதாவிட்டாலும் போடக்கூடாது.

இரண்டாவது, அதே மொட்டை டயரின் மேல் பேருக்கு நாலு வெட்டு வெட்டி, சாலைக்கு ஏற்றது என்று முத்திரை குத்தியது. உள்ளே நூலடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகப் போகும் பழைய பயஸ் கட்டுமானம். மூன்றாவதுதான் டிராக் ரேடியல். கட்டுமானம் உங்கள் வீட்டுக் காரின் டயரைப் போலவே ரேடியல். ரப்பர் மட்டும் பந்தய ரப்பர். 1990-களின் நடுவில் பி.எஃப்.குட்ரிச் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான், பந்தயத்துக்கு வண்டியை டிரெய்லரில் ஏற்றாமல் ஓட்டிக்கொண்டே போய் ஓட்டிக்கொண்டே திரும்பும் கூட்டம் பெருகியது. இன்று மிக்கி தாம்ஸன், நிட்டோ, ஹூஸியர் என்று பலரும் செய்கிறார்கள். மிக்கி தாம்ஸன் வெறும் கம்பெனிப் பெயர் அல்ல. 1960-இல் பான்வில் உப்புப் பாலைவனத்தில் ஒரு திசை ஓட்டத்தில் மணிக்கு 400 மைலைத் தாண்டிய மனிதர், தன் பெயரிலேயே டயர்க் கம்பெனி தொடங்கினார்.

இந்த அத்தியாயம் மூன்றாவது வகையைப் பற்றியது. மற்ற இரண்டையும் தினசரி ஓட்டத்துக்கு யோசிக்கவே வேண்டாம். குறிப்பாக, பின்னால் பயஸ், முன்னால் ரேடியல் என்று கலந்து போட்டால் எழுபது மைல் வேகத்தில் ஒவ்வொரு லேன் மாற்றமும் பாய்மரத் தோணி திரும்புகிற மாதிரி இருக்கும். தலை ஒரு கணம் போகும், வால் அடுத்த கணம் வரும்.

பக்கச்சுவரில் இரண்டு விஷயம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 'டி.ஓ.டி.' என்ற மூன்றெழுத்து இருந்தால் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அந்த டயரைச் சோதித்துச் சான்று கொடுத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விதிப்படி செய்திருக்கிறேன் என்று தயாரித்தவரே கொடுக்கும் உறுதிமொழி அது. சாலையில் ஓட்டலாம் என்பதற்கு அது போதும், மழையில் ஓட்டலாம் என்பதற்குப் போதாது.

அடுத்தது 'டிரெட்வேர்' என்ற எண். டெக்சாஸின் சான் ஆஞ்சலோ பக்கம் குறித்துவைத்த ஒரு பாதையில் 7,200 மைல் ஓட்டி, தேய்மானத்தை ஒரு நிலையான டயரோடு ஒப்பிட்டுத் தரும் எண் இது. ஒப்பீட்டு டயருக்கு 100. சாதாரண குடும்பக் கார் டயருக்கு 400, 500, 600 என்றெல்லாம் இருக்கும். டிராக் ரேடியலில் 100 இருந்தால் அது கெட்டிக்காரப் பிள்ளை. பலவற்றில் வெறும் 0 அல்லது 00. பூஜ்யம் என்றால் முதல் நாளே தேய்ந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆயுளைப் பற்றி என்னிடம் கேட்காதே என்று டயரே சொல்கிறது, அவ்வளவுதான். நான் போட்ட முதல் ஜோடி நாலாயிரம் மைலைத் தாண்டவில்லை. அதில் பந்தயப் பாதையில் ஓடியது எல்லாம் சேர்த்து இருபது மைல்கூட இருக்காது. மீதி முழுக்க ஆபீஸ், மளிகைக் கடை, கோயில்.

ஒட்டும் ரகசியம் டயரில் மட்டும் இல்லை

பந்தயப் பாதையில் கிளம்பும் இடத்துக்கு நடந்து போனால் செருப்பு கழன்று தரையோடு நின்றுவிடும். பிசின் கலந்த ஒரு திரவத்தை அங்கே தெளித்து, அதன் மேல் ரப்பரை இழுத்துத் தேய்த்துத் தேய்த்து, கான்கிரீட்டின் மேல் இன்னொரு தோலே வளர்த்துவைத்திருப்பார்கள். டிராக் ரேடியலுக்கு மாமியார் வீடு அதுதான், அங்கேதான் அதற்கு ராஜ உபசாரம். சூடாக்கிய மெல்லிய ரப்பர் அந்தத் தோலோடு ஒட்டும். என்னுடைய 1991 மஸ்டாங்கில் சாதாரண டயரோடு முதல் அறுபது அடியைக் கடக்க 2.1 வினாடி ஆகும். டிராக் ரேடியல் போட்டதும் 1.75. கால் மைல், அதாவது 402 மீட்டரின் மொத்த நேரம் 14.6-இலிருந்து 14.0 ஆனது. எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. முதல் அறுபது அடியில் மிச்சம் பிடித்த நேரம் கடைசியில் ஒன்றரை மடங்காகத் திரும்பி வரும் என்று பந்தயக்காரர்கள் சொல்லும் கணக்கு எனக்கு ஏறக்குறைய அப்படியே பலித்தது.

அதே டயர், அதே வண்டி, நம் தெருமுனை சிக்னல். தரையில் பிசின் இல்லை. எண்ணெய்த் துளி, மணல், லாரி சிந்திய டீசல் இருக்கிறது. டயர் சூடாகவில்லை. இங்கே அதன் பிடிப்பு நல்ல கோடை ஸ்போர்ட்ஸ் டயரைவிடக் கொஞ்சம்தான் கூட, சில காலைகளில் குறைவு. காசு கொடுத்து வாங்கிய அந்த அரை வினாடி பந்தயப் பாதையிலேயே தங்கிவிடும், உங்களோடு வீட்டுக்கு வராது. தினசரி ஓட்டத்துக்கு இதை வாங்க நினைப்பவர்கள் முதலில் விழுங்க வேண்டிய கசப்பு இது.

(சிக்னலில் பக்கத்து வண்டியோடு பந்தயம் விடுவதற்காக வாங்குகிறேன் என்பவர்கள் இந்தப் புத்தகத்தை மூடிவைத்துவிடலாம்.)

மழை

டயரில் பட்டன் இருப்பது பிடிப்புக்காக அல்ல, தண்ணீரை வெளியே தள்ளுவதற்காக. காய்ந்த சாலையில் பட்டனே இல்லாத டயர்தான் நன்றாகப் பிடிக்கும், பந்தயத்தில் மொட்டை டயர் ஓடுவது அதனால்தான். டிராக் ரேடியலைச் செய்தவர்கள் அந்த மொட்டையை எவ்வளவு விட்டுவைக்க முடியுமோ அவ்வளவு விட்டுவைத்து, சட்டத்துக்குத் தேவையான வாய்க்காலை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். வாய்க்கால் ஆழமும் குறைவு, எண்ணிக்கையும் குறைவு. அதோடு டயர் அகலம். அகலமான டயர் முன்னால் கிடக்கும் தண்ணீரை அதிகம் தள்ள வேண்டும். தள்ளி முடியாதபோது தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் உங்கள் கையில் சும்மா இருக்கும் பொம்மைகள்.

எந்த வேகத்தில் மிதக்கும்? 1960-களில் நாசாவின் லாங்லி மையத்தில் வால்டர் ஹோர்ன் விமான டயர்களை வைத்துச் செய்த ஆராய்ச்சியிலிருந்து ஒரு எளிய கணக்கு வந்தது. டயரின் காற்றழுத்தத்துக்கு வர்க்கமூலம் எடுத்து 10.35-ஆல் பெருக்கினால் மைல் கணக்கில் வேகம் வரும். சாலையில் நிற்கும் தண்ணீர் டயரின் வாய்க்கால்களை நிரப்பி வழிகிற அளவு இருக்கும்போது இது பொருந்தும். வாய்க்கால் ஆழமில்லாத டயருக்கு அதற்குக் கொஞ்சம் தண்ணீரே போதும். 32 பி.எஸ்.ஐ. என்றால் கிட்டத்தட்ட 58 மைல். 18 பி.எஸ்.ஐ. என்றால் 44 மைல்.

அந்த இரண்டாவது எண்ணை நான் காகிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மிலனில் நாலு ஓட்டம் ஓடி முடித்தாயிற்று. பந்தயத்துக்காகக் காற்றை 18-க்கு இறக்கியிருந்தேன். கையில் கம்ப்ரஸர் இருந்தது, பசியும் இருந்தது. போகிற வழியில் பெட்ரோல் பங்கில் அடித்துக்கொள்ளலாம் என்று யு.எஸ்.-23 நெடுஞ்சாலையில் ஏறிவிட்டேன். ஆன் ஆர்பரை நெருங்கும்போது வானம் கறுத்து, ஐந்தே நிமிடத்தில் கொட்ட ஆரம்பித்தது. வலது லேனில் 55 மைலில் போய்க்கொண்டிருந்தேன். லாரிச் சக்கரங்கள் அழுத்தி அழுத்திப் பள்ளமான தடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. முதலில் எஞ்சின் சத்தம் ஏறியது. நான் ஆக்ஸிலேட்டரை அழுத்தவில்லை, முள் மட்டும் ஏறுகிறது. பின்சக்கரங்கள் தரையை விட்டுவிட்டன என்பது மூளைக்கு எட்டுவதற்குள் கால் தானாக ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுபட்டது. மேனுவல் கியர் வண்டியில் அந்த நேரத்தில் செய்யக்கூடாத காரியம் அதுதான். எஞ்சின் பின்சக்கரங்களைப் பிடித்து இழுக்க, வண்டியின் வால் இடது லேனை எட்டிப் பார்த்தது. கிளட்சை மிதித்து, ஸ்டீயரிங்கை வால் போன பக்கமே கொஞ்சம் திருப்பி, மூச்சை விடாமல் காத்திருந்தேன். தடத்தை விட்டு வெளியே வந்ததும் டயர் தரையைக் கவ்வியது. பின்னால் வந்த லாரிக்காரர் இடைவெளி விட்டு வந்ததால் இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. ஓரம் கட்டி, நாலு விளக்கையும் போட்டு, மழை நிற்கும் வரை நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். தவறு டயருடையது இல்லை, சாலையுடையதும் இல்லை.

ஆகவே சட்டங்கள். திரும்பும் முன் காற்றை ஏற்றாமல் கேட்டைத் தாண்டாதீர்கள். மழை பிடித்தால் 45-க்குக் கீழே வாருங்கள், குரூஸ் கண்ட்ரோலை அணைத்துவிடுங்கள், லாரித் தடத்தில் சக்கரம் விடாதீர்கள். தேங்கிய தண்ணீர் தெரிந்தால் ஓரம் கட்டுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். பின்னால் இருப்பது டிராக் ரேடியல், முன்னால் இருப்பது நல்ல மழை டயர் என்றால் ஆபத்து இன்னும் கூட. முன்பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று உங்கள் கைக்குப் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும், பின்பக்கம் எச்சரிக்காமல் கழன்றுகொள்ளும்.

குளிர்

ரப்பர் மெல்லியதாக இருப்பதற்காகவே கலவை செய்யப்பட்ட டயர் இது. அக்டோபர் மாதக் காலை, 40 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 4 செல்சியஸ். அதே டயரை விரலால் அழுத்திப் பாருங்கள். கட்டிப்போன பனங்கற்கண்டு. வீட்டுத் தெருவிலிருந்து மெயின் ரோட்டில் திரும்பும்போது லேசாக ஆக்ஸிலேட்டர் தொட்டாலே சுழலும். உறைநிலைக்கும் கீழே நன்றாகப் போய்விட்டால் பிடிப்பு போவது மட்டுமல்ல, ரப்பரே விரிசல் விடலாம். அந்தக் குளிரில் வண்டியை நகர்த்தக்கூட வேண்டாம். மிச்சிகன்காரர்களுக்கு என் கணக்கு: மே மாதம் மாட்டுங்கள், செப்டம்பர் முடிவதற்குள் கழற்றுங்கள்.

கார் கம்பெனியே இதை எப்படிக் கையாண்டது என்று பார்ப்பது நல்லது. 2018-இல் டாட்ஜ் கொண்டுவந்த சேலஞ்சர் டீமன், நாலு சக்கரத்திலும் 315/40 ஆர்18 அளவு நிட்டோ டிராக் ரேடியலோடு ஷோரூமை விட்டு வெளியே வந்தது. பந்தய பெட்ரோலில் 840 குதிரைசக்தி, கால் மைலுக்கு 9.65 வினாடி. நம்பர் பிளேட் மாட்டி ரோட்டில் ஓட்டலாம். ஆனால் வாங்குபவரிடம், இந்த டயரின் குணம் இன்னதென்று எனக்குத் தெரியும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். விற்கிறவனே பயப்படுகிற இடத்தில் வாங்குகிறவன் கொஞ்சமாவது பயப்பட வேண்டும்.

அடுத்து எது உடையும்

சாதாரண டயர் ஒரு ஃபியூஸ். எஞ்சின் அளவுக்கு மீறிக் கொடுக்கும்போது டயர் சுழன்று, புகைந்து, அந்த வேகத்தைக் காற்றில் விட்டுவிடும். மற்ற சாமான்கள் தப்பிக்கும். டிராக் ரேடியல் போடுவது வீட்டில் ஃபியூஸை எடுத்துவிட்டுக் கம்பி கட்டுவது போல. இனி அடி நேராக உள்ளே இறங்கும்: கிளட்ச், கியர் பாக்ஸ், நீண்ட ஷாஃப்ட், கிரவுன் பினியன், ஆக்ஸில். இவற்றில் எது நோஞ்சானோ அது முதலில் போகும்.

என் தலைமுறை மஸ்டாங்கையே எடுத்துக்கொள்வோம். 5 லிட்டர் வி8, 225 குதிரைசக்தி, 300 பவுண்டு-அடி முறுக்குவிசை. அதோடு வந்த டி-5 ஐந்து கியர் பெட்டி 300 பவுண்டு-அடிக்குக் கணக்கிடப்பட்டது. எஞ்சின் தருவதும் பெட்டி தாங்குவதும் சரிக்குச் சரி. இடையில் மிச்சம் எதுவும் இல்லை. தெரு டயரில் பல வருடம் நிம்மதியாக ஓடும். ஒட்டும் டயர் போட்டு, 5,000 சுற்றில் கிளட்சைப் பட்டென்று விட்டால், விழுகிற அடி முன்னூறு அல்ல, சுழலும் ஃபிளைவீலின் எடையும் சேர்ந்து அதைவிட எவ்வளவோ மேல். பின் ஆக்ஸிலும் அப்படித்தான். தொழிற்சாலையில் போட்டது 28 பல் ஆக்ஸில். ஒட்டும் டயர் போடுகிறவர்கள் 31 பல்லுக்கு மாறுவது அந்தக் காலத்திலிருந்தே வழக்கம்.

எங்கள் கூட்டத்தில் ஒருவருக்குக் கிளம்பும் கோட்டிலேயே ஆக்ஸில் முறிந்தது. வேறு வண்டி, அவரே கைவைத்து எஞ்சினை ஏற்றிவைத்தது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரே சத்தம். வண்டி நாலு அடி நகர்ந்து நின்றது, எஞ்சின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அவர் இறங்கி வந்து முதலில் பார்த்தது டயரை. டயருக்கு ஒன்றுமே ஆகவில்லை.

பந்தயச் சங்கமான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிப்புத்தகத்திலும் இந்த ஞானம் இருக்கிறது. மொட்டை டயரோடு 13.99 வினாடியோ அதற்குக் குறைவாகவோ ஓடும் வண்டியின் நீண்ட ஷாஃப்டைச் சுற்றி இரும்பு வளையம் வேண்டும். தெரு டயர் என்றால் 11.49 வரை அது தேவையில்லை. ஒரே நேரம் ஓடும் இரண்டு வண்டி, டயர் மட்டும் வேறு, விதி வேறு. ஷாஃப்ட் முறிந்து முன்முனை தரையில் குத்தினால் வண்டியே எழும்பிவிடும் என்பதால் வந்த விதி.

ஆகவே, மேனுவல் வண்டிக்காரர்கள் கிளட்சை வழுக்கி விடக் கற்றுக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் அடி கொஞ்சம் மெத்தென்று இறங்கும். கிளம்பும்போது பின்பக்கம் தடதடவென்று குதித்தால் உடனே காலை எடுங்கள். ஆக்ஸில்களும் கிரவுன் பினியனும் பெரும்பாலும் அந்தக் குதிப்பில்தான் போகின்றன. அதிக பிடிப்புள்ள டயருக்கு ஆகும் செலவைக் கணக்குப் போடும்போது இந்தச் சாமான்களையும் பட்டியலில் எழுதுங்கள்.

பாதையில் ஒரு நாள்

காற்று பார்க்க, அரை பி.எஸ்.ஐ. வித்தியாசம் தெரிகிற, 0 முதல் 30 வரையுள்ள முள் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பங்கில் தொங்கும் கேஜை நம்ப வேண்டாம். நெடுஞ்சாலைக்கு வண்டிக் கதவில் ஒட்டியிருக்கும் அளவு. பாதையில், என் வண்டி அளவுள்ள வண்டிக்கு 20-இல் தொடங்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒன்று குறைத்து, அறுபது அடி நேரம் எங்கே நன்றாக வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். பெரும்பாலும் 16-க்கும் 18-க்கும் நடுவில் நிற்கும். அதற்கும் கீழே இறக்கினால் நேர்ப்பாதையின் கடைசியில் வண்டி ஆடும். பத்து டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினால் காற்று சுமார் ஒரு பி.எஸ்.ஐ. ஏறும். காலையில் வைத்த அளவு மதியத்துக்குச் செல்லாது.

கிளம்பும் இடத்துக்கு முன்னால் தண்ணீர் ஊற்றிவைத்திருப்பார்கள். அது மொட்டை டயர்க்காரர்களுக்கு. பட்டன் உள்ள டயரோடு அதில் இறங்கினால் வாய்க்கால்களில் தண்ணீர் ஏறி, மட்கார்டெல்லாம் நனைந்து, கிளம்பும் கோடு வரை சொட்டிக்கொண்டே போவீர்கள். பின்னால் வருகிறவர் உங்கள் குடும்பத்தையே விசாரிப்பார். சுற்றிக்கொண்டு போய், காய்ந்த இடத்தில் நில்லுங்கள். டயரைச் சுழற்றிச் சூடாக்குவது இரண்டு மூன்று வினாடி போதும். லேசான புகை கண்ணாடியில் தெரிந்ததும் நிறுத்திவிடலாம். அடர்ந்த வெண்புகை போட்டோவுக்கு நன்றாக இருக்கும். அந்தப் புகை உங்கள் டயர்.

ஹெல்மெட் 13.99-இலிருந்து கட்டாயம். முதல் தடவை போகிறவர் 15 வினாடி ஓடினாலும் கொண்டுபோகட்டும்.

முன்சக்கரமும் மற்ற சில்லறையும்

பின்னால் எவ்வளவு ஒட்டும் டயர் போட்டாலும் பிரேக் தூரம் பெரிதாகக் குறையாது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாயும், வேலையில் பெரும்பங்கு முன்டயருக்குத்தான். வளைவில் உயரமான மெத்தென்ற பக்கச்சுவர் ஒரு கணம் நெளிந்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்பும். பழகிவிடும், ஆனால் அவசரமாகத் திருப்பும் நாளில் அந்த ஒரு கணம் நினைவிருக்க வேண்டும்.

அளவு மாறினால் ஸ்பீடோமீட்டரும் மாறும். என் வண்டியின் 225/55 ஆர்16-க்குப் பதில் 255/60 ஆர்15 போட்டேன். விட்டம் ஐந்து சதவீதம் கூடியது. முள் 60 காட்டும்போது உண்மையில் 63. நெடுஞ்சாலைப் போலீஸாரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பயனில்லை. ஏ.பி.எஸ்., டிராக்ஷன் கண்ட்ரோல் உள்ள புது வண்டிகளில் முன்னும் பின்னும் விட்டம் அதிகம் விலகினால் கம்ப்யூட்டர் குழம்பும், எச்சரிக்கை விளக்கு எரியும். விட்டத்தை ஒட்டியே தேர்ந்தெடுங்கள். ரிம்மைச் சின்னதாக்கும்போது பிரேக் காலிப்பர் இடிக்காமல் உள்ளே அடங்குமா என்று வாங்கும் முன் வைத்துப் பாருங்கள், வாங்கிய பின் அல்ல.

நான் சொல்வது: இரண்டு ஜோடி வீல்

பத்து வருடம் எல்லா வழியிலும் முட்டி மோதிய பிறகு நான் வந்து நின்ற இடம் இது. பழைய ரிம் ஒரு ஜோடி வாங்கி, டிராக் ரேடியலை அதில் நிரந்தரமாக ஏற்றிவிடுங்கள். பந்தய நாளில் பின்சீட்டை மடக்கி உள்ளே போட்டுக்கொண்டு, தெரு டயரில் போங்கள். ஒரு சின்ன ஜாக்கி, டார்க் ரெஞ்ச், காற்றடிக்கும் பம்ப். மாற்ற இருபது நிமிடம். டாட்ஜ் டீமனோடு ஒரு டாலருக்குக் கொடுத்த பெட்டியிலும் பந்தயத்துக்கான மெல்லிய முன்வீல் ஜோடி, ஜாக்கி, இம்பாக்ட் ரெஞ்ச், டார்க் ரெஞ்ச், காற்று கேஜ் எல்லாம் இருந்தன. போகும் இடத்தில் வீல் மாற்றுவார்கள் என்று தெரிந்தே கொடுத்தது.

நட்டை வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு முடுக்குங்கள், வீட்டுக்கு வந்ததும் இன்னொருமுறை பாருங்கள். கழற்றிய டிராக் டயரைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் காற்று புகாமல் கட்டி, வெயில் படாத, ஃபிரிட்ஜ் மாதிரி மோட்டார் ஓடும் சாமானுக்குப் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். மோட்டார் உண்டாக்கும் ஓசோன் ரப்பருக்கு விஷம். பளபளப்புக்காக எந்த எண்ணெயும் தடவாதீர்கள். வீட்டில் இடம் எங்கே என்ற கேள்வி வரும். என் வீட்டில் வந்தது. "இதுக்குத் தனி ரூம் கட்டித் தரணுமாங்க?" என்று கேட்டுவிட்டு, என் மனைவிதான் கராஜில் கிறிஸ்துமஸ் விளக்குப் பெட்டிக்கு மேலே இடம் காட்டினாள்.

இரண்டு ஜோடிக்குக் கட்டுப்படியாகாது, ஒரே டயர்தான் என்பவர்கள், டிரெட்வேர் 100-க்குக் குறையாத, வாய்க்கால் ஓரளவு உள்ள டிராக் ரேடியலாகப் பாருங்கள். பந்தயத்தில் பத்தில் ஒரு பங்கு வினாடி போகும். அக்டோபரில் எப்படியும் வேறு டயர் வாங்கத்தான் போகிறீர்கள்.

பழைய டயர் வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. பந்தயக்காரர்கள் ஒரு சீசன் ஓடிய டயரைப் பாதி விலைக்கு விற்பார்கள். பட்டன் ஆழம் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் இந்த ரப்பர் கொஞ்சம் கெட்டியாகும். பட்டன் இருக்கும், ஒட்டு இருக்காது. நகத்தை ரப்பரில் அழுத்தி எடுங்கள். நல்ல டயரில் பிறை மாதிரி தடம் விழுந்து மெதுவாக மறையும். தடமே விழாவிட்டால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். டி.ஓ.டி. எழுத்துக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசி நாலு எண் தயாரித்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். அந்த எண்கள் டயரின் ஒரு பக்கத்தில்தான் முழுதாக இருக்கும், பல வண்டிகளில் அது உள்பக்கமாக மாட்டப்பட்டிருக்கும். சட்டை அழுக்கானாலும் பரவாயில்லை என்று வண்டிக்கடியில் டார்ச்சோடு படுத்துப் பாருங்கள். விற்பவர் "எதுக்கு சார் அதெல்லாம்" என்று கேட்டால் இன்னும் நன்றாகப் பாருங்கள்.